புள்ளி வளையம் போட்டவர்

1956ஆம் ஆண்டு மார்ச் பதினான்காம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். சித்தூரில் காற்று அடியோடு நின்றிருந்தது. மேற்கே நான்கு மேகத் துணுக்குகள் இருந்தன. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. மை பேனா முனையிலேயே காய்ந்துகொண்டிருந்த அந்த வெயிலில், வக்கீல் வீட்டு மாடியில், எங்கள் எல்லை வரைபடத்தின் மேல் படம் போடுகிறவர் குனிந்து, குடிபாலாவுக்குத் தெற்கே ஒரு சின்ன வளையம் போட்டார். முழுக்கோடாக இல்லை, புள்ளி புள்ளியாக. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். இருபத்திரண்டு புள்ளிகள்.

அந்த வளையத்துக்குள் ஏரிக்கரையை ஒட்டி ஒரு குக்கிராமம் இருந்தது. பெரிய வீடு இரண்டு, குடிசை பதினேழு. அதற்கு நேராக என் நோட்டில் 'தமிழ் 0, தெலுங்கு 9' என்று இருந்தது. தை மாதத்தில் நானே நேரில் போய் எண்ணி எழுதியது. அந்த எண்ணை நம்ப முடியாது என்பதைத்தான் அவர் புள்ளி வைத்துச் சொன்னார். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் புள்ளிக்கோடு எதைப் பார்த்தாலும், ரசீதில் கிழிப்பதற்காகப் போட்டிருக்கும் கோடாக இருந்தாலும், புள்ளிகளை எண்ணிவிட்டுத்தான் நகர்கிறேன்.

எப்படி அந்த மாடிக்குப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போயிற்று. எல்லைக் கோட்டை மறுபடி பார்ப்பார்கள், எந்த ஊரில் எந்த மொழிக்காரர் அதிகமோ அந்த ஊர் அந்தப் பக்கம் போகும் என்று பேச்சு இருந்தது. ஆகவே ஊரில் இருந்த தமிழர்கள் சிலர் அந்த வக்கீல் தலைமையில் சேர்ந்து ஒரு மனு தயார் செய்தார்கள். ஊர் ஊராகப் போய் எத்தனை பேர் வீட்டில் தமிழ், எத்தனை பேர் வீட்டில் தெலுங்கு என்று எண்ணி வருவது என் வேலை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எண்ணியதைக் கொண்டு படம் போடுவது அவர் வேலை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு மாடியில் தெலுங்குக்காரர்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். மாலை நாலரை மணிக்கு நாங்களும் அவர்களும் ஒரே ஓட்டலில்தான் காபி குடித்தோம். ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்காமல் முழங்கையால் மறைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து, அந்த இடத்தில் வரைபடம் கட்டும் நூலைச் சுற்றியிருப்பார். யுத்த காலத்தில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் என்பதால் அந்தப் பெயர். இரண்டு மாதம் ஒன்றாக வேலை செய்த பிறகு ஒருநாள் கேட்டேன்.

"அண்ணா, நீங்க எத்தினி கப்பல்ல போயிருக்கீங்க?"

"ஒண்ணுத்துலயும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு கப்பல்காரர்னு பேரு?"

"நானா வெச்சுக்கினேன்? நீங்கல்லாம் வெச்சீங்க. கூப்ட்டீங்க, திரும்பிப் பாத்தேன்."

கடல் வரைபடங்களைத் திருத்துகிற அறையில் ஆறு வருடம் உட்கார்ந்திருக்கிறார். அந்த அறைக்கு ஜன்னல் இரண்டு. இரண்டும் நிலத்தைப் பார்த்தவை. கப்பல்களிலிருந்து சீட்டு வரும். இந்த இடத்தில் பாறை தட்டுப்பட்டது, இந்த இடத்தில் பவளத்திட்டு வளர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கும். அதைப் படித்து, உரிய இடத்தில் மையால் குறிக்க வேண்டும். அப்படி உலகத்தில் உள்ள பவளத்திட்டுகளெல்லாம் அவர் கைக்குப் பழகிவிட்டன. ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்தவர்கள்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். படம் வரைகிற மெழுகுத்துணி ஒன்றில், தன் நினைவிலிருந்தே திட்டுகளை வரைந்து வைத்திருந்தார். நான் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் பெரிய திட்டு துணியின் ஒரு ஓரம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. "மெட்ராஸ்லேர்ந்து டெல்லிக்கு ரயில் போற தூரம்பா அது. அவ்ளோத்தையும் கட்டினது யாரு? கடுகு சைசுல ஒரு பூச்சி. ஒண்ணு செத்தா அது மேல இன்னொண்ணு. மேஸ்திரி கெடையாது, கூலி கெடையாது" என்பார். அதில் மாட்டிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் பீரங்கிகளையெல்லாம் கடலில் தள்ளிக் கப்பலின் பாரத்தைக் குறைத்து, கடல் ஏற்றம் வரும்வரை காத்திருந்து தப்பித்த கதையை நான் ஒன்பது முறை கேட்டிருக்கிறேன். ஒன்பது முறையும் பீரங்கிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். அதனால் நம்பினேன்.

மாலத்தீவுக்கு வந்தால் குரல் இறங்கிவிடும். "நடுவுல ஒரு மல இருந்துதுபா. அது முழுகிக்கினே போச்சு. சுத்தி கட்டினவன் கவனிக்கல, கட்டிக்கினே கீறான். இப்ப மல இல்ல, வளையம் கீது." செங்கடலில் கரையை ஒட்டியே ஓடும் திட்டு, அதற்கு அவர் பச்சை மை. பிரிட்டிஷ் ஹோண்டுராசுக்கு எதிரே கடல் நடுவில், திட்டுக்குள் கிணறு வெட்டியதுபோல் வட்டமாக ஒரு பள்ளம். அதை மட்டும் காம்பஸ் வைத்துப் போட்டிருந்தார். மினிக்காய், நியூ கலிடோனியா, மன்னார் வளைகுடா. பசிபிக்கில் பிகினி என்ற இடத்தில் பாதி வளையத்தோடு நிறுத்தியிருந்தார். அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் அந்தத் திட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பத்திரிகையில் வந்திருந்தது.

"மிச்சத்த எப்பண்ணா போடுவீங்க?"

"எவ்ளோ மிச்சம் கீதுன்னு எவனாவது சொன்னா."

வெற்றிலை போடுவார். ஆனால் கடையில் சுண்ணாம்பு வாங்கும்போது கிளிஞ்சல் சுண்ணாம்பா, கல் சுண்ணாம்பா என்று கேட்காமல் தொடமாட்டார். தெற்கே கடற்கரையில் திட்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பு சுடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "ஆயிரம் வருசமா கட்டினத நா வாய்ல போட்டு மென்னு துப்புறதா?" என்பார். கடைக்காரனுக்கு எந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? கிளிஞ்சல் என்று சொல்லிக் கொடுப்பான். இவர் வாங்கிக்கொள்வார்.

ஒருமுறை ரேணிகுண்டா பக்கம் கணக்கெடுக்கப் போனபோது என்னோடு திருப்பதிக்கு வந்தார். கோயில் தெருவில் பவளமாலைக் கடை முன்னால் நின்றுவிட்டார். கடைக்காரர் ஒரு சரத்தைக் கையில் கொடுத்து, அசல் இத்தாலிச் சரக்கு என்றார்.

"இது திட்டு கட்ற பூச்சி இல்லைங்க. இது வேற வகை. ஆழத்துல, இருட்டுல, தனித்தனியா மொளைக்கும். ஊர் சேந்து இருக்காது" என்று இவர் தொடங்கினார்.

கடைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். பத்து நிமிடம் ஆனது. பிறகு, "கொண்டாரா லேதா, அதி செப்பண்டி" என்றார். வாங்குகிறீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று.

"லேதண்டி" என்று இவர் சரத்தைத் திருப்பிக் கொடுத்தார். பத்தடி நடந்த பிறகு என்னிடம், "இருந்தாலும் நெறம் நல்லா இருந்துது" என்றார்.

அவருடைய தாய்மொழி என்ன என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. சித்தூர் டவுன் கணக்கு எடுக்கும்போது அவர் வீட்டுக்கும் போனேன். தனியாக இருந்தார்.

"வூட்ல இன்னா பாஷ அண்ணா?"

"வூட்ல யாரு கீறாங்க பேசறதுக்கு?"

"அப்பா அம்மா?"

"அம்மா தெலுங்கு, நைனா தமிழு. பாதி பாதி போட்டுக்கோ."

"பாதி ஆளுக்குக் கட்டம் இல்லண்ணா."

"அப்ப புள்ளி வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

புள்ளி, அதுதான் அவர். கடல் படத்தில் ஒரு வழக்கம் உண்டாம். திட்டு இருக்கிறதா இல்லையா என்று நிச்சயம் இல்லாவிட்டால், அந்த இடத்தில் புள்ளி வளையம் போட்டு 'இருப்பது ஐயம்' என்று எழுதிவிடுவார்களாம். தரைக்கு வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. நீவா நதியைப் படத்தில் புள்ளியாகவே போட்டார். வக்கீல் கேட்டதற்கு, "எட்டு மாசம் தண்ணி இல்ல ஐயா. நாலு மாசம் பாலத்தத் தொடுது. முழுக்கோடா போட்டாலும் பொய், போடாம வுட்டாலும் பொய்" என்றார். யாராவது எதையாவது இல்லை என்று அடித்துச் சொன்னால் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "ஏத்தத்துல பாத்தியா, வத்தத்துல பாத்தியா?" கடல் ஏறி நிற்கும் நேரத்தில் கப்பல் தட்டிலிருந்து பார்த்தால் திட்டு இருக்கும் இடம் வெறும் தண்ணீர். கடல் வற்றும் நேரத்தில் அதே இடத்தில் கல்கல்லாக நிற்கும். ஆகவே எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று சொல்லாமல் இல்லை என்று சொல்லாதே என்பது அவர் கட்சி. ஓட்டலில் வடை இல்லை என்றால் இதைக் கேட்பார். குடை காணவில்லை என்றால் இதைக் கேட்பார். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் குடை கிடைத்திருக்கிறது, இரண்டு தடவை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒருநாள் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார், பேனாவைத் துடைத்துக்கொண்டே.

"ஒரு சீட்டு வந்துதுபா. இந்த எடத்துல சந்தேக வளையம் ஒண்ணு கீது, ரெண்டு கப்பல் அந்தப் பக்கம் போச்சு, ஒண்ணும் தட்டுப்படல, அழிச்சிடுன்னு. பிளேடால சொரண்டி அழிச்சேன். சுத்தமா. நாலு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் போன சின்ன கப்பல் ஒண்ணு வரவே இல்லன்னு பேசிக்கினாங்க."

"திட்டுல மோதிடுச்சா?"

"தெரியாது. சண்ட நேரம். குண்டு பட்டுச்சோ, பொயலோ." பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அந்த ரெண்டு கப்பலும் எத்தினி மணிக்கு அந்த வழியா போச்சுன்னு சீட்ல எழுதல. நானும் கேக்கல."

பேனாவை டப்பாவில் வைத்து மூடினார்.

இனி அந்தப் புதன்கிழமை. மனு வெள்ளிக்கிழமை போக வேண்டும். வக்கீல் மூன்று நாற்பதுக்கு மாடி ஏறி வந்து படத்தைப் பார்த்தார்.

"என்னய்யா இது, அம்மை போட்ட மாதிரி?"

"அந்த ஊரு எண்ணிக்கை சரியில்லீங்க ஐயா. எண்ணினது தையில. தை, மாசி ரெண்டு மாசமும் அங்க குடிசைக்காரங்க ஊர்லயே இருக்கமாட்டாங்க. கரும்பு வெட்டப் போயிடுவாங்க. வெல்லம் காய்ச்சற கொட்டாயிலயே படுத்துக்கினு, அங்கியே துன்னுக்கினு கெடப்பாங்க. ஊருல படல் கட்டியிருக்கும். போன வருசம் நா அந்த ஏரிக்கரைல சங்கிலி புடிச்சு அளந்தேன், தெரியும். எண்ணினது ஏத்தத்துல ஐயா. இன்னிக்கு பங்குனி ஒண்ணு. ஆலை ஓஞ்சிருக்கும், ஜனம் திரும்பியிருக்கும். நாளைக்கு ஒரு நாள் இருக்குது."

"நீயே போய்ட்டு வாயேன்."

"போவேன் ஐயா. ஆனா நோட்டு இவருது, கையெழுத்து இவருது. இவரு பாத்தாத்தான் எழுதலாம்."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, போய்ட்டு வர்றியா? குடிபாலாதானே, காலை பஸ்ஸில போனா மத்தியானம் வந்துடலாம்."

நான் பதில் சொல்வதற்கு முன் என்னென்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் பட்டியல் பதினான்கு பக்கம். ஒவ்வொன்றுக்கும் மூன்று கார்பன் நகல். ஒரு ஊரின் எண் மாறினால் அந்தப் பக்கத்தின் கூட்டல் மாறும். பக்கத்தின் கூட்டல் மாறினால் பிர்க்காவின் கூட்டல், பிறகு தாலுக்காவின் கூட்டல், பிறகு நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. பதினோரு நாள் உட்கார்ந்து, இரண்டு தடவை சரிபார்த்து, ஒரு எண்கூட அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்திருந்தேன். மனு முழுவதிலும் அழகாக இருந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. தை மாதம் அந்த ஊருக்குப் போனபோது பதினேழு குடிசையிலும் படல் கட்டியிருந்ததைப் பார்த்தேன். மூன்றாவது குடிசை முன்னால் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. காலில் சிவப்புத் துணி முடிந்த கோழி. ஆள் விட்டுப் போன ஊரில் கோழிக்கு யார் துணி முடிவார்கள்? அது எனக்கு அன்றே தோன்றியது. குடிசைக்காரர்கள் எங்கே என்று பெரிய வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"தேவை இல்லீங்க ஐயா" என்றேன். "நேர்ல பாத்து எண்ணினது. ஆள் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன், ஏத்தத்திலா வத்தத்திலா என்று. கேட்கவில்லை.

வக்கீல், "அப்புறம் என்ன, முழுக்கோடா போடு" என்றார்.

"போட மாட்டேன் ஐயா."

"ஒரு குக்கிராமம்யா. பதினேழு குடிசை. அதுக்காக நான் தேதிய விட முடியுமா?"

"தேதிய வுட வேணாம் ஐயா. புள்ளியோடவே அனுப்புங்க. தெரியாதுன்னு எழுதினா ஒண்ணும் ஆவாது."

"தெரியாதுன்னு எழுதின மனுவ எவன்யா படிப்பான்? வேற ஆளப் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோங்க."

கோபம் எதுவும் இல்லை. பேனாக்கள் நாலையும் கழுவினார், துடைத்தார், டப்பாவில் வைத்தார். போகும்போது முப்பத்தொரு திட்டும் வரைந்த அந்தத் துணியைச் சுருட்டி என் மேஜைமேல் வைத்தார். "உனுக்கு எண்றதுக்கு ஆவும்" என்றார். குத்தலாகச் சொன்னாரா, பிரியமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வியாழக்கிழமை வேறு ஒருவர் வந்து இருபத்திரண்டு புள்ளிகளையும் பிளேடால் சுரண்டிவிட்டு முழுக்கோடு போட்டார். தமிழ்ப் பக்கம் என்று நாங்கள் கேட்ட எல்லைக்கு வெளியே அந்த ஊர் போயிற்று. நான் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் துணிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரைபட மெழுகுத்துணியை வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைத்தால் மெழுகும் கஞ்சியும் போய், உள்ளே இருக்கும் உயர்ந்த பருத்தித் துணி கிடைக்கும். எங்கள் மாடியில் வேலை செய்தவர்கள் வீட்டில் எல்லாம் கைக்குட்டை அந்தத் துணிதான். நான் இதையும் வீட்டில் பெட்டிமேல் வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தபோது அம்மா அதைத் துவைத்து, நாலாக வெட்டி, ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நல்ல துணிய கிறுக்கி கிறுக்கி வெச்சிருந்தாங்கடா. நாலு கைக்குட்ட ஆச்சு."

மெட்ராஸ்–டெல்லி தூரம் இருந்த திட்டும் போயிற்று. பாதி வளையமும் போயிற்று. ஒரு மூலையில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ கறைபோல இருந்தது. எந்தத் திட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

1960 ஏப்ரல் ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்றுதான் புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது. திருத்தணிப் பக்கம் மெட்ராசுக்கு; சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கம் ஆந்திராவுக்கு; குடிபாலாப் பக்கம் இருந்த இடத்திலேயே. நான் வேலூர் போகிற பஸ்ஸில் இருந்தேன். பஸ் முழுக்க இதே பேச்சு. குடிபாலா வருவதற்கு முன்னால் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், அரிவாளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தவள், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கூரு எங்கியும் போவல. நாலு வருசம் முன்னாடி கணக்குப்புள்ள ஒருத்தரு எண்ண வந்தாராம். நாங்க ஆலைல கெடந்தோம். பெரிய வூட்டம்மா சொன்னாங்க, தெருவுல எங்க கோழிய மட்டும் நின்னு பாத்துட்டுப் போனாராம்."

"கோழிய எண்ணிக்கினு போயிட்டாரு போல" என்றாள் மற்றவள்.

"என் கோழி இன்னா பாஷன்னு எழுதினாரோ."

பஸ்ஸில் ஏழெட்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? பிறகு கேட்டேன்.

"அப்ப உங்கூர்ல எத்தினி பேரும்மா இருந்தீங்க?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். குடிசை குடிசையாக எண்ணினாள். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. "அறுபத்தி மூணு. கைக்கொழந்தைங்களோட."

"வூட்ல இன்னா பாஷ பேசுவீங்க?"

"இப்ப இன்னா பேசிக்கினு கீறேன்?"

டிக்கெட்டின் பின்னால் 63 என்று எழுதினேன்.

"இன்னாத்துக்கு எழுதற?"

"சும்மா."

"சும்மா எழுதறவரே, அடுத்த தபா வர்றவரு கிட்ட சொல்லு. பங்குனில வரச்சொல்லு. தையில வந்தா கோழிதான் இருக்கும்."

அறுபத்து மூன்று பேரை எழுதியிருந்தால் கோடு மாறியிருக்குமா என்று கேட்டால், மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். தாலுக்காக்களையே அங்கும் இங்கும் மாற்றியவர்களுக்கு அந்த ஊர் ஒரு மூலை. ஆனால் அந்த அறுபத்து மூன்று பேர் தமிழ் 0 என்று எழுதப்பட்டார்கள். எழுதியது நான். பார்த்தும் எழுதினேன்.

அவரை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். 1962, திருப்பதி. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில், கட்டிடம் கட்டுகிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் நூலுக்குப் பதில் செப்புக் கம்பி வந்திருந்தது. நான் உட்கார்ந்ததும் இரண்டையும் சொன்னேன். முதலில் துணி, பிறகு அறுபத்து மூன்று.

துணிக்குச் சிரித்தார். "துணிய தொவைச்சா திட்டு போயிடுமா? அது அது எடத்துல கீது."

அறுபத்து மூன்றுக்குச் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த பென்சில் சீவல் தூளை விரலால் கூட்டினார். பிறகு, "கோழி கால்ல துணி இருந்துது இல்ல?" என்றார்.

"இருந்துதுண்ணா. உங்களுக்கு எப்படி தெரியும்?"

"அந்தூரு வழக்கம் அது. அவங்கவங்க கோழிக்கு அவங்கவங்க கலரு. திரும்பி வந்தா அடையாளம் தெரியணும் இல்ல?"

என்மேல் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். டீ வாங்கிக் கொடுத்தார். வாசல்வரை வந்தவர், "நா ஒரு திட்டும் பாத்ததில்லபா. இனிமே பாப்பேன்னும் தோணல. உனக்கு காலு இருக்குது. ஒருதபா போய் பாத்துட்டு வந்து சொல்லு. எத்தினி மணிக்கு பாத்தேன்னு சேத்து சொல்லு" என்றார்.

போகிறேன் என்றேன். அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளைகள். மூன்று வருடம் கழித்து அந்த அறைக்குப் போனபோது உள்ளே தையல்காரர் இருந்தார். காளஹஸ்திப் பக்கம் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். காலமாகிவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். இருவரையும், எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. என் நோட்டில் அவருக்கு நேராக நான் எதையும் எழுதவில்லை. புள்ளி வைத்திருக்கிறேன்.

எழுபத்தெட்டாம் வயதில், முழங்கால் இரண்டும் கெட்ட பிறகு, மண்டபம் போனேன். மகன் கூடாது என்றான். "கடல்ல கல்லு பாக்கறதுக்கா நைனா அவ்ளோ தூரம்?" என்றான். தனியாகத்தான் போனேன். காலை ஒன்பது பத்துக்குப் படகில் ஏறினேன். அடியில் கண்ணாடி பதித்த படகு. கண்ணாடிக்குக் கீழே பச்சைத் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. கூட வந்த நாலு பேரும் ஏமாற்றினார்கள் என்று முணுமுணுத்தார்கள்.

படகுக்காரர், "இப்ப ஏத்தம்யா. கலங்கலா வேற கெடக்கு. பாரு கீழதான் இருக்கு, தெரியாது. மத்தியானம் வத்தத்துக்கு வந்தா பாக்கலாம்" என்றார். அங்கே திட்டைப் பார் என்கிறார்கள்.

கரைக்கு வந்ததும் அந்த நாலு பேரும் போய்விட்டார்கள். எனக்கும் ரயில் இருந்தது. அந்த ரயிலில்தான் திரும்புவதற்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பத்தரை ஆயிற்று, பதினொன்றே கால் ஆயிற்று. ரயில் பன்னிரண்டு ஐந்துக்குப் பாலத்துப் பக்கம் ஊதிக்கொண்டு போனது, இருந்த இடத்திலிருந்தே கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டரைக்கு அதே படகுக்காரர் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குப் பார்த்தேன். சிவப்பாக இல்லை. மான்கொம்புபோல் கிளைத்தது, மூளைபோல் மடிந்தது, தட்டுபோல் விரிந்தது. எல்லாம் பழுப்பும் மங்கின மஞ்சளும். கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு மேலேயே சில நுனிகள் நனைந்து நின்றன. காலையில் நாங்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

"எண்ணுறீகளாய்யா?" என்றார் படகுக்காரர்.

"ஆமா."

"எண்ணி முடியாதுய்யா."

"தெரியும்" என்றேன். மூலையில் கறை இருக்கும் அந்தக் கைக்குட்டையால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

போக ரயில், தவறவிட்ட டிக்கெட், மறுநாள் திரும்ப பஸ், தங்கிய அறை, படகு இரண்டு தடவை, சாப்பாடு, முழங்காலுக்குத் தைலம், எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். 1956 மார்ச் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, நான் சித்தூரிலிருந்து குடிபாலா போய்த் திரும்பியிருந்தால் ஆகியிருக்கக்கூடியது பதினான்கு அணா. அன்று போகாததற்கு எனக்கு ஆன செலவு, கூட்டிச் சரிபார்த்தது, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.